ஆட்டின் வயிற்றில் குட்டியா, வெறும் நீரா?

ரஹாங் பக்கத்திலோ வேறெந்தத் தோட்டத்திலோ வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆடு கட்டியிருக்கும் வாசகர்களே, உங்களுக்கு இந்த அனுபவம் உண்டா?

பெட்டை ஆட்டைக் கிடாவிடம் விட்டீர்கள். 21 நாளில் மறுபடி கத்தவில்லை. வயிறும் பெருத்தது. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆயிற்று என்று 150 நாள் எண்ணிக் காத்திருந்தீர்கள். ஒருநாள் காலையில் கொட்டில் முழுக்க ஈரம், வயிறு வற்றிவிட்டது, குட்டியைக் காணோம்! கண்ணேறு என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். பாவம், யார் கண்ணும் படவில்லை. இது பொய்ச்சினை.

கருமுட்டை வெளியான இடத்தில், சூலகத்தில், மஞ்சள் நிறக் கட்டி ஒன்று உண்டாகும். அதில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்தான் சினையைக் காப்பது. சில ஆடுகளில் கரு இல்லாமலே அந்தக் கட்டி கரையாமல் நின்றுவிடுகிறது. கருப்பையில் நீர் சேர்கிறது. வெளியே பார்த்தால் சினை ஆடேதான்.

வித்தியாசம் காட்டுவது ஸ்கேன். கர்ப்பிணிப் பெண்களுக்குச் செய்கிறார்களே, அதே கருவிதான். கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்டு குழுவினர் 1958-இல் உலகுக்கு அறிவித்த முறை அது. மடிக்கு அருகே, மயிரில்லாத தொடை இடுக்கில் பசை தடவி வைத்துப் பார்ப்பார்கள். சுமார் 45 நாளில் குட்டியின் இதயத் துடிப்பும், நஞ்சுக்கொடியின் பொத்தான் போன்ற முடிச்சுகளும் தெரியும். பொய்ச்சினையானால் திரையில் கறுப்பாக நீர் மட்டுமே.

புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் மஞ்சள் கட்டி கரைந்து நீர் வெளியேறும். ஆடு மறுபடி பருவத்துக்கு வரும். சிலவற்றுக்கு இரண்டாவது ஊசியும் தேவைப்படும். ஆனால் இங்கேதான் ஆபத்து! உண்மையான சினை ஆட்டுக்கு இதைப் போட்டால் குட்டி கலைந்துவிடும். ஆட்டின் சினை கடைசிவரை அந்தக் கட்டியை நம்பியே நிற்கிறது. படம் பார்க்காமல் ஊசி வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இம்மருந்து தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமாக்காரர்களும் ஊசியையோ புட்டியையோ தொடவே கூடாது. கால்நடை மருத்துவர் வரும்போது ஆட்டைப் பிடிக்க வீட்டு ஆண்பிள்ளைகளை அனுப்புங்கள்.

பெரிய பண்ணைகளில் ஹார்மோன் பஞ்சு வைத்து, பத்துப் பதினான்கு நாள் கழித்து எடுத்து, ஊசி போட்டு, எல்லா ஆடுகளையும் ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு ஆடு வைத்திருக்கும் நமக்கு அந்தச் செலவு எதற்கு? கிடாவிடம் விட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 45-ஆம் நாள் மருத்துவரிடம் காட்டுங்கள்.