கூழ்மத்திலிருந்து டி. என். ஏ. பிரித்தெடுத்தலில் வேதிப் பாதுகாப்பு

கூழ்மப் பிரித்தெடுப்பு என்பது அகரோசு கூழ்ம மின்புல நகர்ச்சியில் பிரிந்த டி. என். ஏ. பட்டையை வெட்டியெடுத்துத் தூய்மைப்படுத்தும் ஆய்வக முறையாகும். இதில் சாயம், புற ஊதாக் கதிர், கரைக்கும் தாங்கல் கரைசல் ஆகிய மூன்றிலும் இடர் உள்ளது.

சாயமும் ஒளியும்

எத்திடியம் புரோமைடு டி. என். ஏ.வின் கார இணைகளுக்கு இடையே நுழைவதால் மரபணுத் திடீர்மாற்றத்தைத் தூண்டக்கூடியதாகக் கருதப்படுகிறது. நைட்ரைல் கையுறை அணிந்தே கையாள வேண்டும். பட்டையைக் காண உதவும் 302–312 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் புண்படுத்தும். எனவே முழு முகக் கவசம் தேவை. நீல ஒளியில் ஒளிரும் மாற்றுச் சாயங்கள் இவ்விரு இடர்களையும் குறைக்கின்றன.

தாங்கல் கரைசல்

கூழ்மத்தைக் கரைக்கும் தாங்கல் கரைசல்கள் பலவற்றில் குவானிடினியம் தயோசயனேட்டு உள்ளது. இது பிளீச் எனப்படும் சோடியம் ஐப்போகுளோரைட்டுடன் கலந்தால் ஐதரசன் சயனைடு உள்ளிட்ட நச்சு வாயுக்கள் உருவாகலாம். ஆய்வகங்களில் கிருமி நீக்கத்திற்குப் பிளீச் பயன்படுவதால், சிந்திய தாங்கல் கரைசல்மீதும் பழக்கத்தில் அதை ஊற்றிவிட வாய்ப்புண்டு. அவ்வாறு செய்யாமல் சலவைத்தூள் கலந்த நீரால் துடைக்க வேண்டும்.

கழிவு

சாயமேறிய கூழ்மத்தையும் தாங்கல் கரைசலையும் தொட்டியில் கொட்டாமல், பெயர் எழுதிய தனித்தனிக் கலன்களில் சேர்க்க வேண்டும். இந்தியாவில் தீங்கு விளைவிக்கும் கழிவுகளின் அகற்றலை 2016ஆம் ஆண்டு விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் இத்தகைய கழிவுகளைப் பாதுகாப்பாக அகற்றும் மையம் உள்ளது.