ஓவியமாய் ஆடும் குற்றாலக் கூத்தன்

ஆடல்வல்லானின் ஐம்பெரும் சபைகளுள் தில்லை, மதுரை, திருவாலங்காடு, திருநெல்வேலி ஆகிய நான்கிலும் பெருமான் திருமேனி கொண்டு ஆடுகிறார். ஐந்தாவதான குற்றாலத்துச் சித்திர சபையிலோ அவர் ஓவியமாகவே காட்சி தருகிறார்.

சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் திருக்கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், தெப்பக்குளத்தை அடுத்துள்ளது இச்சபை. உட்சுவர்களில் ஆடவல்லானோடு புராணக் காட்சிகளும் வண்ணத்தில் தீட்டப்பெற்றுள்ளன. மார்கழித் திருவாதிரையில் இங்கு நிகழும் தாண்டவ தீபாராதனை காணக் கிடைத்தற்கரியது.

குற்றாலத்தில் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் உண்டு. இவ்வட்டாரத்துப் பழம்பொருள்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அங்குள்ளவற்றை யாரும் தொட எண்ணுவதில்லை. சித்திர சபையில் ஓவியமே மூர்த்தியாதலால், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஆவல் பக்தருக்கு இயல்பாகவே எழும். ஆனால் கல்மேனி தாங்குவதைச் சுவர் வண்ணம் தாங்காது. விரலில் ஒட்டிய எண்ணெயும் திருநீறும் கற்பூரப் புகையும் நாளடைவில் திருமுகத்தையே மங்கச் செய்துவிடும். அழிந்த ஓவியத்திற்கு மாற்று இல்லை.

அருகிலுள்ள தென்காசியில், 1446ஆம் ஆண்டு காசி விசுவநாதர் திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தில் அக்கோயிலைப் பேணிக் காப்போரின் அடிகளை வணங்குவதாகக் கல்லில் பொறித்து வைத்தார். முடிசூடிய மன்னர், தாம் காணப்போகாத மக்களைப் பணிந்தார்.

பேரப்பிள்ளைகளுடன் சித்திர சபைக்குச் செல்லும் பெரியோர், கைகூப்பிக் கண்ணால் மட்டுமே தரிசிக்க அவர்களைப் பழக்குவார்களாக. அதுவும் திருப்பணியே. பாண்டியரின் வணக்கம் அவர்களுக்கும் உரியது.