கனடாவில் இரண்டு ஊர்கள்: நீரை அழைத்த ஊரும் கடலைத் தடுத்த ஊரும்

கனடா தேசத்தின் மேற்கே ஆல்பெர்ட்டா மாகாணத்தில் லெத்பிரிட்ஜ் என்னும் நகரமும், கிழக்கே நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உல்ஃப்வில் என்னும் சிற்றூரும் உள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே 2,000 மைலுக்கு மேற்பட்ட தூரமுண்டு. முன்னதில் காலை 9 மணியாகும்போது பின்னதில் நண்பகலாகிவிடும். இரண்டு ஊர்களிலும் ஜனவரி மாதச் சராசரி உஷ்ணம் சைபருக்குக் கீழ் 5 அல்லது 6 டிகிரி சென்டிகிரேடு. ஜூலை மாதத்தில் 18 முதல் 20 டிகிரி வரை. இக்கணக்கை மட்டும் பார்ப்பவர், இரண்டிடத்துச் சீதோஷ்ணமும் ஒன்றே என்று எண்ணக்கூடும். ஆனால் லெத்பிரிட்ஜில் மழையும் பனியும் சேர்ந்து வருஷத்திற்குச் சுமார் 15 அங்குலமே கிடைக்கின்றன. உல்ஃப்வில் பக்கத்திலோ அதைப்போல் மும்மடங்கு பெய்கிறது. இந்த ஒரு வேற்றுமையே அவ்வூராரின் பயிரையும் வாழ்க்கையையும் வெவ்வேறாக்கிவிட்டது.

லெத்பிரிட்ஜின் காற்று

லெத்பிரிட்ஜ் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில், மரமற்ற புல்வெளியில் அமைந்தது. மேற்கேயுள்ள ராக்கி மலைகளிலிருந்து இறங்கி வரும் ‘சினூக்’ என்ற உலர்ந்த வெப்பக் காற்று இவ்வூருக்குரிய விசேஷம். மேற்கு வானில் மேகம் வளைவாகத் தோன்றினால், காற்று வரப்போகிறதென்று ஊரார் அறிந்துகொள்வர். கடுங்குளிர் வாட்டும் நாளிலும் இக்காற்று வீசினால், சில மணி நேரத்தில் உஷ்ணம் 20 டிகிரி ஏறிவிடுவதுண்டு. கால்நடைகளுக்கு இது ஆறுதலே. ஆனால் நிலத்தில் ஊறவேண்டிய பனியை இக்காற்று உலர்த்திவிடும்; உழுது வெறுமையாய்க் கிடக்கும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகும். ஆகையால் வீடுகளைச் சுற்றிக் காற்றுத் தடுப்பாக மரவரிசை வைத்தார்கள். பயிரையும் தரிசையும் காற்றுக்குக் குறுக்கே மாறி மாறிப் பட்டைகளாக வைக்கும் வழக்கமும் இப்பக்கத்தில் பரவியது. 1930-களில் நோபிள்போர்டு என்னும் அடுத்த ஊரின் சார்லஸ் நோபிள் என்பவர், தாளைப் புரட்டாமல் மண்ணுக்குள் மட்டும் அறுத்துச் செல்லும் கருவியை அமைத்தார். தாள் மேலே நிற்பதால் மண் பறப்பது குறைந்தது.

வாய்க்கால் வந்த விதம்

1894-ஆம் வருஷச் சட்டம் அப்பிரதேசத்து ஆற்று நீரைச் சர்க்காரின் உடைமையாக்கி, அனுமதி பெற்றே பாய்ச்சவேண்டும் என்று விதித்தது. 1898-இல் செயின்ட் மேரி ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டத் தொடங்கினர். யூட்டாவிலிருந்து வந்து குடியேறிய மார்மன் சமயத்தார் அவ்வேலையைச் செய்தனர். அவர்களுக்குக் கூலியில் பாதி பணமாகவும் பாதி நிலமாகவும் கிடைத்தது. 1900-இல் நீர் லெத்பிரிட்ஜை எட்டியது. 1951-இல் செயின்ட் மேரி அணை முடிந்தபின் பாசனம் மேலும் விரிந்தது. இன்று அங்கே கோதுமையுடன் சர்க்கரைக் கிழங்கு, உருளைக்கிழங்கு, சோளம், தீவனப் புல் ஆகியவை விளைகின்றன. நீரைப் பங்கிடும் பாசனச் சங்கங்களின் நிர்வாகிகளை நிலமுடையோரே தேர்ந்தெடுக்கின்றனர். ஏக்கருக்கு இவ்வளவென்று கட்டணமும் செலுத்துகின்றனர்.

முதலில் அனுமதி பெற்றவருக்கே முதலுரிமை என்பது அங்குள்ள சட்டம். 2001-ஆம் வருஷம் பெரும் வறட்சி ஏற்பட்டபோது, அவ்வுரிமையை அப்படியே செலுத்தியிருந்தால் பின்னால் அனுமதி பெற்றவர்களுக்குத் துளியும் எஞ்சியிராது. மூத்த உரிமையாளர்கள் மற்றவர்களுடன் கூடிப்பேசி, இருந்த நீரைப் பகிர்ந்துகொள்ள இசைந்தனர். 2024-லும் வறட்சிக்கு அஞ்சி இத்தகைய உடன்படிக்கைகள் செய்யப்பட்டன.

உல்ஃப்வில்லின் கரைகள்

உல்ஃப்வில் அன்னபோலிஸ் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. வடக்கே ஒரு மலைத்தொடர் கடற்குளிரையும் மூடுபனியையும் தடுப்பதால், ஆப்பிளும் திராட்சையும் இங்கே நன்கு பயனளிக்கின்றன. மே மாத இறுதியில் பள்ளத்தாக்கெங்கும் ஆப்பிள் பூக்கும். 1933 முதல் அதற்கென விழாவும் நடத்திவருகின்றனர். எனினும், பூக்கும் காலத்தில் உறைபனி விழுந்தால் அவ்வருஷத்துப் பலன் கெட்டுவிடும். 2023 பிப்ரவரியில் திடீரென வந்த கடுங்குளிர் திராட்சைக் கொடிகளுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது.

ஊரின் அருகேயுள்ள மினாஸ் என்னும் உட்கடலில் அலையேற்றம் 50 அடி வரைகூட எழும்பும். 1680-களில் குடியேறிய பிரெஞ்சு மரபினரான அக்காடியர், அக்கடலோரச் சதுப்பில் புல்வேர் பின்னிய மண்கட்டிகளை அடுக்கிக் கரை எழுப்பினர். கரையின் அடியில் மரக்குழாய் மதகுகளை வைத்தனர். கடல் வற்றும்போது மதகின் கதவு தானே திறந்து மழைநீரை வெளியே விடும். கடல் ஏறும்போது அந்நீரின் அழுத்தத்தாலேயே மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று வருஷ மழையில் உப்புக் கழுவப்பட்டு நிலம் விளைநிலமாயிற்று. அருகிலுள்ள கிராண்ட் பிரே என்ற இடத்தில் மட்டும் சுமார் 3,000 ஏக்கர் இவ்விதம் கிடைத்தது.

1755-இல் பிரிட்டிஷ் ஆட்சியினர் அவ்விடத்து மக்கள் 2,000 பேருக்கு மேற்பட்டோரைக் கப்பலேற்றி நாடு கடத்தினர். காப்பாரற்ற கரைகளை 1759-இல் ஒரு புயல் உடைத்தது. நிலம் மீண்டும் உப்பேறியது. 1760-இல் நியூ இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் கரை கட்டும் நுட்பம் தெரியவில்லை. முடிவில், சிறைப்பட்டிருந்த அக்காடியரையே கூலிக்கு அமர்த்திக் கரைகளைச் செப்பனிட்டனர். தமக்கிருந்த நிலத்தைப் பிறருக்காகத் தம் கையாலேயே மீட்டுத்தர நேர்ந்தது அவர்களுடைய துர்ப்பாக்கியம். இன்று கரைகளையும் மதகுகளையும் மாகாண விவசாய இலாகா பராமரிக்கிறது; உள்ளே வடிகால்களைச் சதுப்பு நிலமுடையோரின் சங்கம் கவனித்துக்கொள்கிறது. கடல் மட்டம் உயர்ந்து வருவதால் கரைகளை மேலும் உயர்த்தவேண்டிய அவசியமும் நேர்ந்திருக்கிறது.

இரண்டிலும் ஒன்று

ஓரூரார் நீரை வெகுதூரத்திலிருந்து அழைத்தனர். மற்றோரூரார் நீரை வெளியே நிறுத்தினர். ஆயினும் இரண்டிடத்திலும் தனியொருவன் தன் வயலை மட்டும் காத்துக்கொள்ள வழியில்லை. வாய்க்காலின் தலையில் இருப்பவன் நீரை விடாவிட்டால் கடையில் இருப்பவன் பயிர் காயும். ஒருவன் எல்லையில் கரை உடைந்தால் எல்லார் நிலமும் உப்பாகும். மண்வேலையைச் செலவிட்டுச் செய்துவிடலாம். அதைக் காக்கும் அறிவும், கஷ்டகாலத்தில் பகிர்ந்துகொள்ளும் இசைவும் ஊரில் நிலைத்திருந்தாலன்றி அவ்வேலை நிலைக்காது என்பதை 1759-ஆம் வருஷமும் 2001-ஆம் வருஷமும் வெவ்வேறு விதமாக விளக்குகின்றன.