உங்களுக்குத் தெரியுமா? ஒருவருக்கு ஓராண்டுக்கு 20,000 யூனிட்!

அமெரிக்க நிலவியலாளர் ஸ்காட் டிங்கர் பல ஆண்டுகள் எண்ணெய்த் துறையில் வேலை பார்த்தவர். 2000-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்குள்ள பொருளாதார நிலவியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். பொதுமக்களிடம் அவரைக் கொண்டுசேர்த்தது 2012-இல் வந்த 'ஸ்விட்ச்' ஆவணப்படம். வீட்டு மின்சாரம் மட்டுமல்ல, பயணம், உணவு, வாங்கும் பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 20,000 யூனிட் ஆற்றல் தேவை என்று அதில் கணக்கிட்டார். நிலக்கரி, அணு உலை, காற்றாலை என ஒவ்வொன்றும் எத்தனை பேருக்கு ஈடுகொடுக்கும் என்பதை நேரில் போய்ப் பார்த்தே சொன்னார். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் அளவுகோல் அது!

அடுத்த படமான 'ஸ்விட்ச் ஆன்' இன்னும் முக்கியமானது. நேபாளம், எத்தியோப்பியா, கென்யா, வியட்நாம், கொலம்பியா ஆகிய நாடுகளில், போதிய ஆற்றல் கிடைக்காத மக்களின் வாழ்க்கையை அது காட்டுகிறது.