திரையில் பிறக்கும் பச்சை

நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை கிடைக்கும். வண்ணப் பெட்டியைத் தொட்ட சிறுவர் எவரும் அறிந்த செய்தி இது. ஆயினும் கணினித் திரையில் முதன்முதலாக ஓவியம் தீட்டும் ஒருவர் அடர்நீலத்தின் மேல் மஞ்சளை இழுத்துக் குழைத்துப் பார்த்தால், பல மென்பொருள்களில் அவருக்குக் கிடைப்பது பச்சையன்று. மங்கிய சாம்பல் நிறம். பல்லாண்டுப் பயிற்சியால் கை அறிந்து வைத்திருந்த ஒன்றைத் திரை மறுத்துவிடுகிறது. எண்ணிம ஓவிய மென்பொருள்களில் காலந்தோறும் சேர்ந்துவந்த புதிய வசதிகளுள் பெரும்பங்கு, இத்தகைய மறுப்புகளைக் களைய எழுந்த முயற்சிகளே ஆகும்.

ஒளியின் கணக்கும் சாயத்தின் கணக்கும்

திரையின் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளால் ஆனது. ஒவ்வோர் ஒளியின் அளவையும் கணினி பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. தூய நீலத்திற்கு 0, 0, 255. தூய மஞ்சளுக்கு 255, 255, 0. இரண்டையும் சரிபாதியாகக் கலப்பது என்றால், கணினிக்கு அது சராசரி காண்பது மட்டுமே. விடை மூன்று ஒளிகளுக்கும் ஏறத்தாழ 128. மூன்றும் சமமானால் தோன்றுவது சாம்பல் நிறம். கணக்கில் பிழை ஏதுமில்லை. கணக்கிடப்பட்ட பொருள்தான் வேறு.

சாயம் ஒளியை உமிழ்வதில்லை. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சி, எஞ்சியதைச் சிதறடிக்கிறது. நீலச் சாயம் சிவப்பையும் மஞ்சளையும் பெரிதும் விழுங்கிவிட்டு, நீலத்தோடு சிறிது பச்சையையும் விட்டுவைக்கிறது. மஞ்சள் சாயமோ நீலத்தை விழுங்கிவிட்டுப் பச்சையைத் தப்பவிடுகிறது. இரண்டும் கலக்கும்போது, இரண்டுமே விட்டுவைத்த பச்சை மட்டும் கண்ணுக்கு வந்து சேர்கிறது. வண்ணப் படலத்தில் ஒளி இவ்வாறு உறிஞ்சப்படுவதையும் சிதறுவதையும் விளக்கும் சமன்பாடுகளைப் பால் குபெல்கா, பிரான்சு மங்க் ஆகிய இருவரும் 1931ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தனர்.

விடை கையில் இருந்தும் ஓவிய மென்பொருள்கள் அதனை நெடுங்காலம் எடுத்துக்கொள்ளவில்லை. அச்சமன்பாடுகளுக்கு ஒளியின் ஒவ்வோர் அலைநீளத்திற்கும் தனித்தனி அளவுகள் வேண்டும். மென்பொருள்களின் கட்டுமானம் முழுவதும் மூன்றே எண்களின் மீது எழுப்பப்பட்டிருந்தது. தூரிகை நகரும் கணத்திலேயே பல்லாயிரம் படப்புள்ளிகளுக்கு விடை கண்டாக வேண்டும் என்பது மற்றொரு தடை. 2020இல் வெளியான மைபெயின்ட் 2.0 என்னும் கட்டற்ற மென்பொருள், அலைநீளங்களைக் கருத்திற்கொண்டு வண்ணம் கலக்கும் முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டில் செக் நாட்டு ஆய்வாளர்களான சார்க்கா சொகோரோவா, ஓந்திரேய் யம்ரிஷ்கா ஆகியோர் வேறொரு வழியைக் காட்டினர். அவர்தம் முறையின் பெயர் மிக்சுபாக்சு.

அதன் உத்தி எளிமையானது, அழகானது. நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஆகிய நான்கு உண்மையான சாயங்களை அது அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. திரையிலுள்ள ஒரு நிறத்தைக் கண்டதும், அந்நான்கு சாயங்களை எந்த விகிதத்தில் சேர்த்தால் அதனை நெருங்கலாம் என்று பார்க்கிறது. சாயங்களால் எட்ட முடியாத ஒளிமிகு நிறங்களும் திரையில் உண்டாகையால், எஞ்சும் சிறு வேறுபாட்டைத் தனியே குறித்து வைத்துக்கொள்கிறது. பின்னர்ச் சாய விகிதங்களையும் அவ்வேறுபாடுகளையும் கலந்து, விடையை மீண்டும் மூன்று எண்களாக்கித் தருகிறது. மென்பொருளின் பழைய கட்டுமானத்தை இடிக்கத் தேவையில்லை; கலக்கும் இடத்தில் மட்டும் கணக்கு மாறினால் போதும். சுலோவாக்கிய நாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கும் ரெபெல் என்னும் மென்பொருள் இம்முறையை ஏற்றுக்கொண்டது. அங்கே நீலத்தின் மேல் மஞ்சளை இழுத்தால் பச்சை பிறக்கிறது.

கையின் நடுக்கம்

நிறத்தைப் போலவே கோடும் ஒரு சிக்கலாக இருந்தது. 1973இல் ரிச்சர்டு சூப் என்பவர் செராக்சு நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் உருவாக்கிய சூப்பர்பெயின்ட், இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 256 நிறங்களை அது கையாண்டது. பின்வந்த தனியாள் கணினிகளில் சுட்டெலியைக் கொண்டு வரைவது, சோப்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு எழுதுவதற்கு ஒப்பாகும். அழுத்தினாலும் தளர்த்தினாலும் கோட்டின் தடிமன் மாறாது. அழுத்தத்தை உணரும் எழுதுகோல் வந்த பிறகே கோட்டிற்கு ஏற்ற இறக்கம் கிடைத்தது. ஓலையில் எழுதிய எழுத்தாணியின் பெயரை இக்கருவிக்குத் தமிழில் வழங்குவோரும் உளர், பொருத்தமான பெயரே. இன்றைய எழுதுகோல்களுள் பல 8192 அழுத்த நிலைகளைப் பிரித்தறிகின்றன. கோல் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதையும் தெரிவிக்கின்றன. 1991இல் வெளிவந்த பெயின்டர் என்னும் மென்பொருள் கரி, சுண்ணக்கட்டி, தாளின் சொரசொரப்பு ஆகியவற்றைத் திரையில் போலச்செய்தது. வண்ணத் தகர டப்பாவில் அடைத்தே அதனை விற்றனர் என்பது சுவையான செய்தி.

ஆயினும் வழுவழுப்பான கண்ணாடிப் பரப்பில் கை சறுக்குகிறது. தாளில் நிமிர்ந்து நின்ற கோடு இங்கே நெளிகிறது. இதற்கென ஏற்பட்டதே கோட்டை நிலைப்படுத்தும் வசதி. எழுதுகோல் கடந்துவந்த கடைசிச் சில புள்ளிகளின் சராசரியைக் கண்டு, நடுக்கத்தை நீக்கிக் கோட்டை வரைகிறது மென்பொருள். இதற்கு ஒரு விலை உண்டு. எத்தனை புள்ளிகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறதோ அத்தனை தொலைவு கோடு கைக்குப் பின்தங்கும். மிகுதியாகக் கூட்டினால் எல்லாருடைய கோடும் ஒரே சாயலில் வழுக்கிச் செல்லும். வரைந்தவரின் கைவாகு தெரியாது. எனவேதான் அதன் அளவை ஓவியரே கூட்டவும் குறைக்கவும் விட்டுவிடுகின்றனர்.

தாள் தராத வசதிகளும் இல்லாமல் இல்லை. போட்டோசாப் 1994இல் தந்த அடுக்கு முறை, வானத்தைத் தொடாமல் மரத்தை மட்டும் அழிக்க வழிசெய்தது. அதே மென்பொருளில் தவற்றைப் பல படிகள் பின்னோக்கிச் சென்று நீக்கும் வசதி 1998இல்தான் வந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் அசைவூட்டக் கலைஞர்களுக்கு அடுக்கு என்னும் கருத்து புதிதன்று.

கிரிட்டாவின் வழி

விலையின்றிக் கிடைக்கும் ஓவிய மென்பொருள்களுள் பரவலாக அறியப்பட்டது கிரிட்டா. 1990களின் இறுதியில் பொதுவான படத்தொகுப்புக் கருவியாகவே அது கருக்கொண்டது. 2009ஐ ஒட்டி அதன் நிரலாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர்: எல்லாருக்கும் எல்லாம் செய்யும் கருவி வேண்டா, வெற்றுத்தாளிலிருந்து ஓவியம் தீட்டுவோருக்கான கருவியே போதும். இம்முடிவே அதனை வளர்த்தது. ஓவியர்கள் குறைகளைச் சொல்ல, நிரலாளர்கள் திருத்தினர். 2016இல் வந்த 3ஆம் பதிப்பு அசைவூட்டத்தைச் சேர்த்தது. 2021 டிசம்பரில் வந்த 5ஆம் பதிப்பு, நிறங்களைக் குழைக்கும் தூரிகையின் உள்ளமைப்பைப் புதுக்கியது. வரைவதைப் படிப்படியாகப் பதிவுசெய்யும் வசதியையும் தந்தது. நிரலின் மூலவரிகள் திறந்திருப்பதால் விருப்பமுள்ளவர் எவரும் அதனைப் படிக்கலாம்; திருத்தியும் பார்க்கலாம்.

கை இல்லாத ஓவியம்

2023ஆம் ஆண்டில் போட்டோசாப், சொற்களால் ஆணையிட்டால் படத்தின் ஒரு பகுதியைத் தானே நிரப்பித்தரும் செயற்கை நுண்ணறிவு வசதியை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டில், ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் உருவாகும் புரோகிரியேட் மென்பொருளின் நிறுவனத்தார், அத்தகைய வசதியைத் தம் மென்பொருளில் சேர்ப்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தனர். இரண்டும் ஒரே துறையின் முடிவுகள். ஆனால் எதிரெதிர்த் திசையில் செல்பவை. அழுத்தமும் சாய்வும் குழைவும் கையின் செய்தியைத் திரைக்குக் கொண்டுசெல்ல எழுந்தவை. சொல்லாணைக்கோ கையே தேவையில்லை. விரைந்து முடிக்க வேண்டிய விளம்பரப் பணிகளில் அது பயன்படக்கூடும். அதனைத் தூரிகையின் வளர்ச்சி என்று கொள்வது கடினம்.

இம்மாற்றத்தால் பழைய வசதி ஒன்று எதிர்பாராத பயனைப் பெற்றுள்ளது. வரைந்த விதத்தை விரைவாக ஓட்டிக் காட்டும் பதிவு, முன்பு கற்பிப்பதற்கும் வேடிக்கைக்குமே உதவியது. இப்போது ஓவியர்கள் பலர் முடிந்த படத்தோடு அப்பதிவையும் சேர்த்தே வெளியிடுகின்றனர். முதல் கோடு விழுவதும், தவறான தோள் அழிக்கப்படுவதும், மஞ்சள் நீலத்தின் மேல் படர்வதும் அதில் தெரிகின்றன. படம் தம் கையால் ஆனது என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று அது.