ஆக்கியவரும் அமர்ந்துண்ணும் பந்தி

குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணவேண்டும் என்று கூறுவது எளிது. கேட்போர் தலையசைப்பதும் எளிது. ஆயினும் கூர்ந்து நோக்கினால், பல இல்லங்களில் அனைவரும் அமர்ந்த பின்னரும் ஒருவர் மட்டும் நின்றுகொண்டே இருப்பதைக் காணலாம். உணவை ஆக்கியவரே அவர். அடுப்பிற்கும் பந்திக்கும் இடையே நடந்து நடந்து எல்லோருக்கும் சூடாகப் பரிமாறிவிட்டு, எல்லோரும் கைகழுவிய பின் ஆறியதை உண்பவரும் அவரே. இக்குறையைப் பற்றிச் சிந்திக்க, கத்தோலிக்க மக்கள் பெருந்தொகையாக வாழும் மெக்சிகோ நாட்டின் உணவு ஒன்றை இத்திங்கள் எடுத்துக்கொள்கிறோம். அதன் பெயர் என்சிலாடா. அதன் வரலாற்றையும், அதனை மாட்டிறைச்சி கொண்டு வீட்டில் ஆக்கும் முறையையும், அவ்விரண்டிலிருந்தும் நம் குடும்பங்கள் பெறத்தக்க பாடத்தையும் முறையே காண்போம்.

பெயரும் பிறப்பும்

மக்காச்சோள மாவைத் தட்டிச் சுட்ட மெல்லிய ரொட்டிக்கு மெக்சிகோவில் தோர்த்தியா என்று பெயர். அதனை மிளகாய்க் குழம்பில் தோய்த்து, உள்ளே இறைச்சியையோ பாலாடைக்கட்டியையோ வைத்துச் சுருட்டினால் அதுவே என்சிலாடா. ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்கு ‘மிளகாய் பூசப்பெற்றது’ என்பது பொருள்.

ஸ்பானியர் அந்நாட்டில் கால் வைப்பதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே, அம்மண்ணின் மக்கள் மக்காச்சோள ரொட்டியை மிளகாய்ச் சாந்துடன் உண்டு வந்தனர். 1529ஆம் ஆண்டில் அங்குச் சென்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி பெர்னார்தினோ தே சாஹகூன் அடிகளார், அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களுடைய வாழ்க்கை முறைகளை 12 நூல்களாகத் தொகுத்தார். அவர்கள் உண்ட ரொட்டி வகைகளும் குழம்பு வகைகளும் அத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. மாடும் பன்றியும் பாலாடைக்கட்டியும் ஸ்பானியரோடு வந்தவை. எனவே மாட்டிறைச்சி என்சிலாடா, இரு வேறு உலகங்கள் ஒரே தட்டில் கலந்ததன் விளைவு எனலாம். 1831ஆம் ஆண்டில் மெக்சிகோவில் அச்சான சமையல் நூலிலேயே என்சிலாடா இடம்பெற்றுவிட்டது.

நமக்கும் இவ்வுணவோடு ஓர் உறவு உண்டு. மிளகாய் அமெரிக்க மண்ணுக்கு உரியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவிற்கு வந்தது. அதற்குமுன் நம் முன்னோர்க்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கு அந்த மிளகின் பெயரையே சேர்த்து மிளகாய் என்று வழங்கினர்.

தானியம் சென்றது, அறிவு செல்லவில்லை

மக்காச்சோளத்தை அப்படியே அரைத்து ரொட்டி தட்டுவது மெக்சிகோ நாட்டு வழக்கமன்று. முதலில் தானியத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிடுவர். மறுநாள் காலையில் தோல் கழன்று வருமாறு தேய்த்துக் கழுவி, மெத்தாத்தே என்னும் கல்லில் அரைப்பர். அது நம் அம்மியைப் போன்றது. சற்றே சரிந்து மூன்று கால்களின்மேல் நிற்பது. இயந்திர ஆலைகள் வருவதற்கு முன் பெண்கள் முழந்தாளிட்டு நாள்தோறும் பல மணி நேரம் இக்கல்லில் அரைத்தனர். வீட்டாரின் ஒருநாள் ரொட்டிக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

சுண்ணாம்பு எதற்கு? மாவு பிசைந்தால் ஒட்டிக்கொள்ளவும், ரொட்டி உடையாமல் இருக்கவும் என்பதே வெளிப்படையாகத் தெரியும் பயன். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து, உடல் ஏற்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீர் அக்கட்டை அவிழ்த்துவிடுகிறது. இதனை விளக்கும் வேதியியலை அக்காலத் தாய்மார் அறியார். ஆயினும் செய்முறையை அறிந்திருந்தனர், தம் புதல்வியர்க்குக் கற்பித்தனர்.

ஐரோப்பியர் மக்காச்சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். சுண்ணாம்பிட்டு வேகவைக்கும் முறையைக் கொண்டு செல்லவில்லை. விளைவு கொடியது. மக்காச்சோளத்தையே பெரும்பாலும் நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்னும் நோய் பற்றியது. தோல் வெடித்துக் கருகும், வயிறு கழியும், அறிவு கலங்கும், இறுதியில் உயிர் பிரியும். 1735ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பார் கசால் இந்நோயை விவரித்தார். வட இத்தாலியிலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களிலும் இந்நோயால் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். இது தொற்றுநோயன்று, உணவுக் குறையே என்பதை 1914ஆம் ஆண்டு தொடங்கி ஆராய்ந்து காட்டியவர் ஜோசப் கோல்ட்பர்கர் என்னும் மருத்துவர். குறைந்திருந்த சத்து நியாசினே என்பது 1937இல் தெளிவாயிற்று.

முழந்தாளிட்டு அரைத்த பெண்களிடம் ‘ஏன் சுண்ணாம்பு இடுகிறீர்கள்?’ என்று கேட்டு, அவர்கள் செய்ததைக் கற்றுச் சென்றிருந்தால் இத்துணை உயிர்கள் போயிருக்கமாட்டா. அடுக்களையில் நிற்பவரின் கைத்திறனை உண்டு மகிழ்ந்து, அவரது அறிவை மட்டும் பொருட்படுத்தாமல் விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மெக்சிகோவின் பாரம்பரிய உணவுக்கலையை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அச்செல்வத்தைக் காத்து வந்தவர்கள் பெரும்பாலும் பெயரறியாத தாய்மாரே.

ஆக்கும் முறை

ஆறு பேருக்கு, ஆளுக்கு இரண்டு வீதம் 12 என்சிலாடா செய்யத் தேவையானவை: மாட்டின் தோள் அல்லது கழுத்துப் பகுதி இறைச்சி 750 கிராம், சிறிய தோர்த்தியா ரொட்டி 12, அங்கே ஆஞ்சோ, குவாஹியோ என்று வழங்கும், காரம் குறைந்த உலர்ந்த மிளகாய் இரண்டும் சேர்ந்து 100 கிராம், பெரிய வெங்காயம் 2, பூண்டு 6 பல், சீரகம் ஒரு தேக்கரண்டி, துருவிய பாலாடைக்கட்டி 250 கிராம், எண்ணெய், உப்பு.

இறைச்சியைப் பெரிய துண்டுகளாக்கி, பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டு, உப்பு ஆகியவற்றோடு ஒன்றரை லிட்டர் நீரில் இட்டு, சிறு தீயில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வேகவைக்கவேண்டும். பிரஷர் குக்கரில் முக்கால் மணி நேரம் போதும். வெந்ததும் நார் நாராகப் பிய்த்துக்கொண்டு, வெந்த சாற்றை வடித்து வைத்துக்கொள்ளவேண்டும். அச்சாறே குழம்பிற்கு உயிர்.

மிளகாயின் காம்பையும் விதையையும் நீக்கி, வெறும் சட்டியில் மணம் எழும்வரை மட்டும் வாட்டவேண்டும். கருகினால் குழம்பு கசக்கும். வாட்டியதைச் சுடுநீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, நான்கு பல் பூண்டு, பாதிச் சீரகம் ஆகியவற்றோடு மைய அரைத்து வடிகட்டவேண்டும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, இவ்விழுதை ஐந்து நிமிடம் வதக்கி, இறைச்சிச் சாற்றில் மூன்று குவளை ஊற்றி, உப்பிட்டு, கரண்டியின் முதுகில் படியும் பதம் வரும்வரை கொதிக்கவிடவேண்டும். எஞ்சிய வெங்காயத்தை நறுக்கி, மீதிச் சீரகத்தோடு வதக்கி, இறைச்சியையும் ஒரு கரண்டிக் குழம்பையும் சேர்த்துக் கிளறி இறக்கினால் பூரணம் ஆயிற்று.

இனி ரொட்டி. அன்று சுட்ட மெல்லிய ரொட்டியைவிட, முதல்நாள் சுட்டுச் சற்றே உலர்ந்த ரொட்டியே இதற்கு ஏற்றது. குழம்பில் தோய்த்தாலும் கிழியாது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்ன நம் ஆண்டவர், நேற்றைய ரொட்டி இன்று விருந்தாவதைக் கண்டு மகிழ்வார் அன்றோ! ஒவ்வொரு ரொட்டியையும் சூடான எண்ணெயில் இரு புறமும் சில நொடிகள் மட்டும் காட்டி எடுத்தால், அது வளையும். குழம்பில் ஊறிக் கூழாகாது. பின் அதைக் குழம்பில் தோய்த்து, இரண்டு மேசைக்கரண்டிப் பூரணம் வைத்துச் சுருட்டி, மடிப்பு கீழே இருக்குமாறு தட்டில் நெருக்கமாக அடுக்கவேண்டும். மிஞ்சிய குழம்பை மேலே ஊற்றி, பாலாடைக்கட்டியைத் தூவி, 180 பாகை வெப்பமுள்ள ஓவனில் பதினைந்து முதல் இருபது நிமிடம் வைத்தால், கட்டி உருகிக் குழம்பு ஓரங்களில் கொதித்து நிற்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நறுக்கிய பச்சை வெங்காயத்தோடு பரிமாறலாம்.

நம் இல்லங்களில் செய்ய விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். கடையில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவு சுண்ணாம்பிட்டதன்று. ஆதலால் அது தோர்த்தியாவைப் போல ஒட்டி வராது. வட மெக்சிகோவில் கோதுமை ரொட்டியும் பெருவழக்காக இருப்பதால், மெல்லிய சப்பாத்தியைப் பயன்படுத்துவது அம்மரபிற்கு முற்றிலும் புறம்பானதன்று. சப்பாத்தியை எண்ணெயில் காட்ட வேண்டியதில்லை. குழம்பிலும் நெடுநேரம் வைத்தல் கூடாது. மிளகாய்க்கு, நிறம் மிக்குக் காரம் குறைந்த காஷ்மீர் மிளகாய் ஏற்றது. சொன்ன அளவில் பாதியே போதும். வேகவைத்த தக்காளி இரண்டைச் சேர்த்தரைத்தால் குழம்பு கெட்டிப்படும். ஓவன் இல்லாதோர், அடி கனத்த பாத்திரத்தில் அடுக்கி மூடி, மிகச் சிறு தீயில் பாலாடைக்கட்டி உருகும்வரை வைக்கலாம். தவக்கால வெள்ளிக்கிழமை போன்ற சுத்தபோசன நாள்களில் இறைச்சிக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டியையோ உருளைக்கிழங்கையோ உள்ளே வைத்து, இறைச்சிச் சாற்றுக்குப் பதிலாக நீர் ஊற்றிக் குழம்பு கூட்டலாம்.

பல கைகளின் வேலை

மெக்சிகோவின் பழைய முறையில் என்சிலாடாவை ஓவனில் வைப்பதில்லை. ஒவ்வொரு தட்டிற்கும் அப்போதைக்கப்போது ரொட்டியைத் தோய்த்துச் சுருட்டி, சூடாக அளிப்பர். உண்பவர்க்கு அது சுவை மிக்கது. ஆனால் கடைசி ஆள் உண்டு முடிக்கும்வரை ஆக்குபவர் அடுப்பை விட்டு அகல இயலாது. எல்லையைக் கடந்து அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் முதலிய மாநிலங்களில் வாழும் மெக்சிகோ வழிக் குடும்பங்களில், தட்டில் அடுக்கி ஓவனில் சுடும் முறை பெரிதும் பரவியுள்ளது. இம்முறையில் எல்லாம் ஒரே நேரத்தில் ஆயத்தமாகின்றன. தட்டு ஓவனுக்குள் இருக்கும் அந்த இருபது நிமிடத்தில் அடுப்படியைத் துடைக்கலாம், இலை போடலாம். தட்டு பந்திக்கு வந்ததும் தாயும் மற்றவரோடு அமரலாம்.

அதற்குமுன் உள்ள வேலையோ ஒருவர் செய்தால் சுமை, நால்வர் செய்தால் விளையாட்டு. ஒருவர் ரொட்டியை எண்ணெயில் காட்டலாம். ஒருவர் குழம்பில் தோய்க்கலாம். ஒருவர் பூரணம் வைத்துச் சுருட்டலாம். சிறு பிள்ளை பாலாடைக்கட்டியைத் தூவலாம். தந்தைக்கும் இதில் இடமுண்டு, மகனுக்கும் இடமுண்டு. குழம்பின் பதத்தை எப்படி அறிவது, மிளகாய் கருகுமுன் எப்போது எடுப்பது என்பவற்றை நூலில் படித்து அறிவதைவிட, தாயின் அருகே நின்று அறிவதே மேல். மெத்தாத்தேக் கல்லருகே தாய் மகளுக்குக் கற்பித்த சுண்ணாம்பு இரகசியம் அவ்வாறே வாழ்ந்தது.

விசுவாசமும் இவ்வாறே கைமாறுகிறது. 1964ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் செபங்களை மனனம் செய்யலாம். ஆனால் பிறர் சுமையைத் தாங்குவது எப்படி என்பதை வீட்டில்தான் காண்கின்றனர். தாய் நிற்க மற்றவர் உண்ணும் வீட்டில் அவர்கள் ஒன்றைக் கற்கின்றனர். தந்தை எழுந்து கரண்டியைக் கையில் எடுக்கும் வீட்டில் வேறொன்றைக் கற்கின்றனர்.

பெத்தானியாவில் பணிவிடையால் பரபரப்படைந்த மார்த்தாவைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அவருக்குத் துணையாக அவ்வீட்டில் வேறு யாரேனும் எழுந்திருந்தால் அவரும் ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருக்கலாமே என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சமைப்பது ஆண்மைக்கு இழுக்கு என்போர் திபேரியாக் கடற்கரையை நினைவு கூர்வாராக. இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்த சீடர்களுக்காக, உயிர்த்த ஆண்டவரே கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். உண்ண அழைத்தவரும் அவரே, எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

வரும் ஞாயிறுகளுள் ஒன்றில், திருப்பலி முடிந்து வீடு திரும்பிய பின், குடும்பமாகக் கூடி இவ்வுணவை ஆக்கிப் பாருங்கள். என்சிலாடாதான் ஆகவேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டின் வழக்கமான ஞாயிற்றுக் குழம்பாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் வழக்கமாக்கிக் கொள்ளும்படி வேண்டுகிறோம். உணவுக்கு முன் சொல்லும் செபத்தை, ஆக்கியவரும் வந்து அமர்ந்த பின்னரே தொடங்குங்கள்.