லான்ட்மாஸ்ரரை நாமே திருத்தும்போது

2011ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். காலபோகத்தின் முதல் மழை பெய்து மூன்றாம் நாள் மாலை, கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்திலிருந்து கமக்காரர் ஒருவர் எமது அறைவீட்டுக்கு வந்தார். சாரத்தின் மடிப்பில் ஏதோ கனமாக இருந்தது. மேசையில் அவிழ்த்து வைத்தார். முறிந்த போல்ட் ஒன்று, நட்டுகள் சில, கிழிந்த ஹெட் கஸ்கட் ஒன்று.

"சுவாமி, ஹெட்டைக் கழற்றினனான். இப்ப பூட்ட ஏலாமல் கிடக்கு" என்றார்.

அவருடைய இருசில்லு உழவு இயந்திரத்தை நம்பி அவ்வூரில் ஒன்பது குடும்பங்களின் வயல்கள் காத்திருந்தன. அவற்றுள் மூன்று குடும்பங்களைப் பெண்களே தனித்து நடத்தி வந்தனர். 2008இல் ஊரைவிட்டுப் புறப்பட்டு, 2009இல் மெனிக் பாம் முகாமை அடைந்து, பின்னர் திரும்பி வந்து பற்றை வெட்டி, வரம்பு கட்டித் திருத்திய வயல்கள் அவை. விதைநெல்லோ கடனுக்கு வாங்கியது. ஈரம் காயுமுன் உழுதால்தான் விதைப்பு.

என்ன நடந்தது என்று ஆறுதலாகக் கேட்டோம். உழுதுகொண்டிருக்கையில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டி வற்றிவிட்டது. புகை வந்தபோதுதான் கவனித்தார். பதறிப்போய், வாய்க்காலில் ஒரு வாளி அள்ளி, கொதித்த தொட்டிக்குள் அப்படியே ஊற்றினார். அதுதான் முதற்பிழை. பழுக்கச் சூடேறிய இரும்பின்மேல் குளிர்நீர் பட்டால் ஒரு பக்கம் சட்டெனச் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது. ஹெட் வெடிக்கலாம்; வெடிக்காவிட்டாலும் வளைந்துவிடலாம். மறுநாள் தொட்டித் தண்ணீரில் குமிழி வந்தது. கஸ்கட்டினூடாகக் காற்று கசிகிறது என்பதற்கு அது அடையாளம். "நட்டு இளகியிருக்கும்" என்று எண்ணி, சாவியின் பிடியில் நீண்ட குழாயொன்றைக் கொழுவிப் பலம்கொண்ட மட்டும் இறுக்கினார். போல்ட் முறிந்தது. முறிந்ததை எடுக்கவென்று ஹெட்டைக் கழற்றினார். கஸ்கட் கிழிந்தது.

ஆக, முதல் நாள் வேண்டியிருந்தது எஞ்சினை நிறுத்திவிட்டு, வெறுங்கையால் தொடக்கூடிய சூட்டுக்கு அது ஆறும்வரை ஒரு வேப்பமரத்தின் கீழ் இருப்பது மட்டுமே. அதன்பின் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டிருக்கலாம்.

அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. குருமடத்தில் எமக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். கஸ்கட் மாற்றக் கற்பிக்கவில்லை. நாம் கற்றதெல்லாம் எமது பழைய மோட்டார் சைக்கிளைப் பலமுறை கெடுத்துக் கற்றதுதான்.

தவிரவும், எமது மக்களுக்கு இந்தத் துணிவு சும்மா வந்ததல்ல. 1990இல் வடபகுதிக்குப் பெற்றோல், டீசல், உதிரிப்பாகம், பற்றரி என்று தடை விதிக்கப்பட்டபோது இருப்பதைக்கொண்டு ஓட்டியே ஆகவேண்டியிருந்தது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடினோம். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 2002இல் தடைகள் தளரும்வரை அந்தக் கெட்டித்தனம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் அன்று உதிரிப்பாகம் கிடையாது என்பதால் செய்த வேலையை, கடையில் அது கிடைக்கும் காலத்திலும் பழக்கத்தால் செய்கிறோம். இயந்திரம் அன்றும் அதற்காக அழுதுகொண்டுதான் இருந்தது. கேட்க எமக்கு வசதி இருக்கவில்லை.

மண்ணெண்ணெயையே எடுத்துக்கொள்வோம். 2022இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது பலரும் பழைய ஞாபகத்தில் டீசலோடு மண்ணெண்ணெயைக் கலந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் வரை அது லீற்றர் 87 ரூபாவாக இருந்ததால், கிடைத்தவர்களுக்கு ஆசையும் கூடியது. எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் டீசல் பம்புக்குள் உள்ள உருளைக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பிலும் பன்மடங்கு குறைவு. அவ்விடத்துக்கு ஒயில் தனியாக வருவதில்லை. டீசலில் உள்ள பிசுபிசுப்புத்தான் ஒயில். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பிசுபிசுப்புப் போதாது. உருளை தேயும். பின்னொரு நாள் நல்ல டீசல் விட்டாலும், சூடேறியதும் எஞ்சின் இழுக்காது. நிறுத்தினால் மறுபடி இயங்காது. அப்போது "டீசல் கூடாது" என்று கடைக்காரரை ஏசுவோம்.

டீசல் முடிந்து எஞ்சின் நின்றுபோனால் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும். தாங்கியை நிரப்பிவிட்டு எத்தனை முறை சுழற்றினாலும் இயங்காது. இந்த இடத்தில்தான் நல்ல பம்ப் பல அநியாயமாகக் கழற்றப்படுகிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காற்றுப் போக்கும் சிறு திருகாணியை இளக்கி, குமிழியில்லாமல் டீசல் வடியும்வரை விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். பின்பு நொசிலுக்குப் போகும் குழாயின் நட்டைச் சற்று இளக்கி, டீசல் வரும்வரை கையால் சுழற்றி, அதையும் இறுக்க வேண்டும். கால்மணி நேர வேலை. பம்பைக் கழற்றினாலோ, அதன் அடியிலுள்ள மெல்லிய தகடுகள் மண்ணில் விழும். அவற்றை வெறும் வாசர் என்று நினைத்து எறிந்துவிட்டு, சிகரெட் பெட்டி மட்டையை வெட்டி வைப்பவர்களைக் கண்டிருக்கிறோம். டீசல் எந்தக் கணத்தில் பீச்சப்படவேண்டும் என்பதை அந்தத் தகட்டின் தடிப்புத்தான் தீர்மானிக்கிறது.

நொசிலைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதை வெளியே எடுத்துச் சோதிக்கும்போது "எப்படி அடிக்கிறது பார்ப்போம்" என்று விரலை முன்னே பிடிப்பார்கள். சதுர சென்றிமீற்றருக்கு 100 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். பெரிய நோவும் இராது. சில மணி நேரத்தில் விரல் வீங்கும், உள்ளே தசை அழியும். வீங்குமுன்னரே ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தோடு டீசல் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பத்துப்போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் விரலை இழக்க நேரும்.

காற்று வடிகட்டியின் அடியிலுள்ள கிண்ணத்தில் ஒயில் இருக்கும். உள்ளே போகும் புழுதியைப் பிடிப்பது அதுதான். சிறுபோகத்துப் புழுதியில் அது வெகு விரைவில் சேறாகிவிடும். சிலர் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது என்று வடிகட்டியையே கழற்றிவிடுகிறார்கள். புழுதி லைனரையும் பிஸ்ரன் றிங்கையும் அரத்தால் அராவுவதுபோல் தின்னும். இன்னும் சிலர், நல்லதுதானே என்று குறிக்கு மேலாக ஒயிலை ஊற்றுகிறார்கள். இது அதிலும் ஆபத்து. எஞ்சின் அந்த ஒயிலை உறிஞ்சி, அதையே எரித்துக்கொண்டு வெறிபிடித்ததுபோல் ஓடத் தொடங்கும். டீசலை மூடினாலும் நிற்காது. அந்நேரம் காற்றுப் போகும் வாயைத் தட்டையான பலகையொன்றால் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்கப் போகக்கூடாது. பிள்ளைகளை முதலில் அப்பால் அனுப்புங்கள்.

பெல்ட்டுகளில் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் வாங்கிப் போடுவது எல்லோரும் செய்வது. காசில்லாதபோது வேறென்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆனால் பழையவை நீண்டு தொய்ந்திருக்கும்; புதியது ஒன்றே முழுப் பாரத்தையும் இழுத்து விரைவில் அறும். மாற்றுவதாயின் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதே கடைசியில் மலிவு. பெல்ட் வழுக்குகிறதென்று கம்பிபோல் இறுக்கினால் அடிபடுவது பெயரிங். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஓரளவு இளகிக் கொடுக்க வேண்டும். பெல்ட் மூடியைக் கழற்றி வேலியில் கொழுவிவிட்டு உழுபவர்கள், தம் சாரம் எவ்வளவு கிட்ட ஆடுகிறதென்று ஒருதரம் குனிந்து பார்க்கட்டும்.

அப்படியானால் எதைத்தான் நாமே செய்யலாம்? நிறையச் செய்யலாம். காலையில் சமதரையில் நிறுத்தி ஒயில் அளவு பார்ப்பது, தொட்டித் தண்ணீர், வடிகட்டி, பெல்ட், டீசல் தாங்கியின் அடியில் தேங்கும் நீரை வடிப்பது, காற்றுப் போக்குவது, நட்டுகளை அளவாக இறுக்குவது, இவை உங்கள் வேலை. ஹெட், டீசல் பம்ப், நொசில் ஆகிய மூன்றும் அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. எதைக் கழற்றினாலும் கழற்றிய ஒழுங்கிலே ஒரு சாக்கின்மேல் அடுக்குங்கள். படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுக் கொப்பியில் படம் கீறச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களிலும் நன்றாகச் செய்கிறார்கள்.

அந்தக் கமக்காரரின் ஹெட்டை மறுநாள் வவுனியாவில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். முகம் சீவி, முறிந்த போல்ட்டை எடுத்து, புதுக் கஸ்கட்டுடன் வந்து சேர ஒன்பது நாள் சென்றது. இதற்கிடையில் அயல் ஊர் இயந்திரமொன்று ஆறு குடும்பங்களின் வயலை உழுதுகொடுத்தது. மற்ற மூன்று குடும்பங்களுக்கும் பிந்திய விதைப்புத்தான். அவற்றுள் ஒரு தாயின் தாழ்ந்த வயல் அடுத்த மழையில் மூழ்கி, மறுபடி விதைக்க வேண்டியதாயிற்று. அந்த விதைநெல்லைக் கமக்காரரே கொடுத்தார். இப்போது அவருடைய இயந்திரத்தின் கைபிடியில் ஒரு தகரப்பேணி தொங்குகிறது, தண்ணீர் அள்ளுவதற்கு. தொட்டி பாதியாகக் குறையுமுன்னரே வண்டியை நிறுத்திவிடுகிறார்.